அவசரத்துக்கென்று வைத்த பணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் உடம்பைப் பற்றிப் போனில் கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

வேலையில் சேர்ந்ததிலிருந்து மாதாமாதம் அவசரத்துக்கென்று தனியாகப் பணம் போட்டுவந்தேன் அல்லவா? ஆறு மாதச் சம்பளம் அளவுக்குச் சேர்ந்ததும் ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். நேற்று கொடுத்தேன். "கஞ்சப் பய டீ வாங்கிட்டான், மழைதான் வரப்போகுது" என்று ஒரே சிரிப்பு.

டம்ளர் கையில் இருக்கும்போதே தங்கச்சி கூப்பிட்டாள். உன் இடது கண்ணில் இனிப் பார்வை திரும்பாதாம். போன வருஷமே ஆபரேஷன் செய்யச் சொன்னார்களாம். "அவன் சேர்க்குறதுல கை வைக்கக் கூடாது, அவன்கிட்ட மூச்சு விடாதே" என்று அவள் வாயை அடைத்துவிட்டாயாம்.

வேறு எந்த அவசரத்துக்கம்மா நான் சேர்த்தேன்?

வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாமாம். பணம் முழுவதையும் அனுப்பிவிட்டேன். இது கிடைத்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போ. முடிந்தால் என் பழைய போர்வையைத் தங்கச்சியிடம் கொடுத்து அனுப்பு. இங்கே வாங்கியதில் தூக்கம் வருவதில்லை.

ஆபீஸ் போகிற பஸ் வந்துவிட்டது. எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன். யாரிடமும் கொடுக்காமல் நீயே படித்துப் பார், அம்மா. தெரிகிறதா என்று மட்டும் சொல்.

உன் மகன்