கோயில் ஸ்பீக்கரில் உங்கள் பாடம்

டீச்சர்,

பெட்டியைத் துடைக்கும்போது திரை கீறிய பழைய போன் அகப்பட்டது. சார்ஜில் போட்டேன். பேத்தி துர்க்காவுக்கு நீங்கள் அனுப்பிய பாடங்கள் அப்படியே இருந்தன. ஒன்றைத் தட்டினேன். "பிள்ளையள், கேக்குதோ?" என்றீர்கள். கேக்குதுங்க டீச்சர் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியபோது துர்க்காவுக்கும் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்விக்கும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரவிருந்தது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாடம் வரக்கூடிய போன் இது ஒன்றுதான். துர்க்கா அட்டைக்கடியோடு மலையேறி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வருவாள். பிள்ளைகள் எல்லாரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து கேட்பார்கள். லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதும், கூடி உட்காரக் கூடாது என்றார்கள். பாடம் துர்க்காவோடு நின்றது. படிப்பு இல்லையென்றால் செல்வியைக் கொழும்பு கார்மெண்ட் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தாள்.

எனக்குக் கோயில் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. பாடத்தை அதில் போட்டால் அவரவர் வாசலில் இருந்தே கேட்கலாமே. கோயில் தலைவர் சிரித்தார். "சாமி பாட்டு போடுற ஸ்பீக்கர்ல பாடமா? அஞ்சாங்கிளாஸோட நின்ன ஒங்களுக்கு எதுக்கு அம்மாயி இந்த வேல?"

"சரஸ்வதியும் சாமிதானப்பா" என்றேன்.

பிறகு தலைவர், இன்னொருவர் பாடத்தை ஊருக்கே போட்டால் டீச்சர் கோபிக்க மாட்டாரா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. உங்களையே போனில் கேட்டேன். "அம்மா, ஆரும் எடுக்கலாம், ஆருக்கும் குடுக்கலாம். என்ர பேர்கூடச் சொல்லத் தேவையில்ல" என்றீர்கள். அதைச் சொன்னதும் தலைவர் சுவிட்சைப் போட்டார்.

முதல் நாள் ஸ்பீக்கர் கரகரத்ததுமே லயத்தின் கதவெல்லாம் படபடவென்று சாத்திக்கொண்டன. ஆள் பிடித்துப்போக சுகாதாரப் பரிசோதகர், அந்த பிஎச்ஐ, வந்துவிட்டார் என்று பயம். 'ஒளித்தொகுப்பு' என்று நீங்கள் ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. இதைச் சொன்னபோது நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள்.

ஸ்பீக்கரில் படம் காட்ட முடியாதே என்று அடுத்த பாடத்தை எங்களுக்கென்றே மாற்றினீர்கள். "ஆளுக்கொரு தேயிலைக் கொழுந்து எடுத்துக் கையில வச்சிருங்கோ." வாசலுக்கு வாசல் பிள்ளைகள் கொழுந்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன். குமரிப் பருவத்தில் தொடங்கிக் கிள்ளிவரும் கொழுந்து அது. வெயிலை வைத்து இலை தனக்குத்தானே சமைக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

துர்க்கா, செல்வி இருவரும் பாஸானார்கள். செல்வியின் அப்பா கொழும்புப் பேச்சை விட்டார். இப்போது அவள் பதுளையில் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள். துர்க்கா பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

கைச்செலவுக்காக இன்னமும் கொழுந்துக்குப் போகிறேன். போன வாரம் புதிதாய் வந்த பெண்களுக்கு இலை சமைக்கிற விதத்தைச் சொன்னேன். "என்ன அம்மாயி, படிச்சவங்க கணக்கா பேசுறீங்க" என்று ஒருத்தி கிண்டலடித்தாள்.

"படிச்சவதான்டி. கோயில் ஸ்பீக்கர்ல படிச்சேன்."

அவள் சிரித்தாள். பிறகு, கிள்ளிய கொழுந்தைக் கூடையில் போடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.