புகைக்கு மூடிய தொட்டி

மூடிவிட்டேன். முதலில் மோட்டாரை நிறுத்தினேன், அதன் பிறகுதான் மூடினேன். நீ வைத்த வரிசைப்படியே. அந்தச் சின்ன மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும். காற்றில் கொசு மருந்து இருந்தால் அதையும் சேர்த்தே விடும். ஆகவே மோட்டார், பிறகு ஈரத் துண்டு, அதன் மேல் உன் போர்வை.

தெருவில் வண்டியில் வந்து கொசுவுக்குப் புகை அடிக்கிறார்கள். வெள்ளைப் புகை. டீசலும் மருந்தும் கலந்த நெடி. கீழேயிருந்து வார்டன் அக்காவின் குரல்: "ஜன்னல சாத்துங்கடி! எவளும் வெளிய வராதீங்க, கேட்ட பூட்டிக்கினேன்!" சாத்திவிட்டேன். இன்று எனக்கு வார விடுமுறை. மற்றவர்கள் ஷிஃப்டில். அறையில் நானும் தொட்டியும் மட்டும்.

நீ காய்ச்சலில் கிடந்த வாரம் இந்த வண்டி வரவில்லை. இப்போது வருகிறது. நெடி மூக்கில் ஏறியதும் என் கை இறால் தொட்டியை மூடத்தான் போயிருக்கிறது. அதை நினைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். புகை அடங்கும்வரை வெளியே போக முடியாது. அதற்குள் உனக்கு எழுதிவிடலாம்.

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த மீன் கடை. நாம் போனது செருப்பு வாங்க. கண்ணாடிக்குள் சிவப்பாக ஏதோ அசைந்தது, நீ நின்றுவிட்டாய். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அதுவரை இறாலைச் சட்டியில் மட்டுமே பார்த்தவள்.

"அண்ணே, இது எப்ப பெருசாவும்?"

"ஆவாதுமா. அவ்ளோதான் அது. நகம் சைசு."

"பெறகு என்னத்துக்கு வளக்கணும்?"

"பாக்கறதுக்குதான். மீனு மேரி."

"எறாவப் பாக்கதுக்கா? எங்கம்மா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா."

வாங்கிவிட்டாய். பைக்குள் கண்ணை வைத்தபடியே அடுத்த கேள்வி. ஆண் எது, பெண் எது?

"நல்லா சேப்பா, பெருசா, வயிறு தொங்கிக்கினு கீதே, அது பொம்பள. வெளுத்துப்போயி ஒல்லியா கீறது ஆம்பள."

"எங்க சூப்பர்வைசர் மாதிரி."

அவர் யார் என்று தெரியாமலே கடைக்காரர் சிரித்தார். ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்து ஒரகடம் வரை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வந்தாய். எதிரே இருந்த அம்மா, சாப்பாடா என்று கேட்டார். பிள்ளைங்க என்றாய்.

முதல் வாரத்திலேயே ஒரு காலை, ஒன்று செத்துவிட்டது என்று பல் தேய்க்காமல் அழுதாய். தரையில் முழு உருவம் கிடந்தது. மீசை, கால், வால், எல்லாம். ஆனால் எண்ணினால் ஒன்றும் குறையவில்லை. கிடந்தது தோல். வளர்வதற்காக உரித்துப் போட்ட சட்டை. "ஏ எம்.ஏ., ஒனக்கு இதெல்லாம் படிப்புல வரலையா?" என்று என்னிடம் பாய்ந்தாய். நான் படித்தது தமிழ் என்றேன். "ஏன், தமிழ்ல எறா கெடையாதா?"

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டோம். தோல் என்றால் கண்ணாடி போல் வெறுமையாக இருக்கும். செத்தது என்றால் சமைத்தது போல் வெளிறிய சிவப்பு. இந்த வித்தியாசம் தூரத்தில் நின்றே எனக்கு இப்போது தெரிகிறது.

கடைக்காரர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. வெளுத்ததெல்லாம் ஆண் இல்லை. பயந்துபோன பெண்ணும் வெளுக்கும். புதுத் தண்ணீரில் எல்லாமே வெளுக்கும். சரியான அடையாளம் கழுத்துக்குப் பின்னால், முதுகின் மேல் தெரியும் மஞ்சள் திட்டு. உள்ளே முட்டை திரள்கிறது. அது பிறகு வயிற்றுக்கு இறங்கி, கால்களுக்கு நடுவே கொத்தாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் அதற்குச் சினை என்று பெயர் இருந்தது. எனக்கு அந்தச் சொல் புத்தகத்தில் மட்டும் தெரியும். நீ சொன்னபோது அதில் உப்பு இருந்தது.

தொழிற்சாலை லைனில் நம்மை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தொப்பி, முகமூடி, ஒரே நீலக் கோட்டு. சூப்பர்வைசர் நம்மை மேசை எண் சொல்லித்தான் கூப்பிடுவார். சாப்பாட்டு வேளையில் என்னைத் தேடி வேறொருத்தியின் தோளில் அடித்துவிட்டு வந்து சொன்னாய்: "எறால பொம்பளையக் கண்டுபிடிச்சிருதேன் ஏட்டி, ஒன்னையத்தான் முடியல."

முதல் சினை வந்தபோது நாம் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தொழிற்சாலைச் சுவரில் எழுதிப் போட்டிருப்பார்களே: தேவையற்றதை நீக்கு, ஒழுங்காக அடுக்கு, பளபளவென்று துடை. தினமும் ஷிஃப்ட் முடியும்போது அந்த வேலையைச் செய்து செய்து நம் கைக்கு அது ஊறியிருந்தது. குஞ்சு வரப் போகிறது, இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். கண்ணாடியின் பச்சையைச் சுரண்டினோம். கல்லைக் கழுவினோம். தண்ணீரை வடிக்கும் ஸ்பாஞ்சைக் குழாயில் பிழிந்தோம். பாசியை அலசி அலசி வெளுத்தோம். "ஆடிட்டுக்கு வந்தாம்னா நமக்குத்தான் பரிசு," என்றாய்.

குஞ்சுகள் பிறந்தன. கண்ணிமை முடி அளவு. பெரியவற்றின் அச்சு. இரண்டு நாள் கண்ணாடியில் அலைந்தன. பிறகு இல்லை.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமா நீங்க! அந்த அழுக்குதான்மா அதுக்கு சோறு. வழவழன்னு கீது பாரு, அதத்தான் மேயும். சோத்தயெல்லாம் தொடச்சிட்டு புள்ளைங்கள பட்டினி போட்டுட்டீங்களே!"

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வழியில் இறங்க வேண்டியவர்கள் இறங்கிய பிறகு சொன்னாய்: "சும்மா இருக்கக் கத்துக்கிடணும் ஏட்டி. நமக்கு அது மட்டும் யாரும் சொல்லித் தரல."

சும்மா இருந்தோம். அது கடினமாக இருந்தது. கைகள் எதையாவது துடைக்கத் தேடின. தொட்டி பச்சையாயிற்று. வார்டன் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, சாக்கடை மேரி கீது! ஏரில கொண்டுபோயி ஊத்துங்கடி," என்றார். செம்பரம்பாக்கம் ஏரியை அவர் தன் வீட்டுக் கொல்லை போலச் சொல்வார். நீ மறுத்தாய். "அது ஊர்க்காரங்க தண்ணி. ஏற்கெனவே அதுல ஒரு எறா பொழச்சிக்கிட்டு இருக்கும். நம்ம வேற போயி எடத்தப் பிடிக்கணுமா?" அக்கா ஒரு நொடி உன்னைப் பார்த்தார். வெளியிலிருந்து வந்து தன் ஊரில் இடம் பிடித்தவர்கள் பற்றி அவருக்கும் சொல்ல நிறைய இருந்திருக்கும்.

இரண்டாவது முறை குஞ்சுகள் பிழைத்தன.

அந்த மகிழ்ச்சியில்தான் நீ கொசு மருந்து மெஷினைச் சுவரிலிருந்து பிடுங்கினாய். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, இறாலைக் கொன்றுவிடும் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்திருந்தாய். அது உண்மைதான். அறையில் யாரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அந்தக் குஞ்சுகள் வேண்டியிருந்தன. ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டோம். சாக்ஸ் போட்டுத் தூங்கினோம். காலையில் கையைச் சொறிந்தபடி தொட்டி முன் கூடுவோம்.

மழைக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். பிறகு வர முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். உன் அப்பா வந்து அழைத்துப்போனார். படியில் இறங்கும்போது என்னிடம், "ஸ்பாஞ்சத் தொட்டிராத என்ன," என்றாய். அதுதான் நீ கடைசியாகச் சொன்னது.

நீ இறந்த செய்தி வந்தபோது நான் வரவில்லை. விடுப்பு கேட்டேன். "சொந்தமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். ரூம்மேட் என்றேன். "ரூம்மேட்டுக்கெல்லாம் லீவு கிடையாதும்மா. லைன் நிக்கும்." லைன் நிற்கவில்லை. உன்னை எடுத்த நேரத்தில் நான் நீலக் கோட்டுக்குள் நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. சாப்பாட்டு வரிசையில், குளியலறை வாசலில். "அந்த எறாவாலதான் போனா." முதலுதவி அறை நர்ஸ் சொன்னார், அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று. பேருந்து நிறுத்தம், கேண்டீன், எங்கேயும் கடித்திருக்கலாம். ஆனால் நைட் ஷிஃப்ட் வாரங்களில் நாம் பகலில்தானே தூங்கினோம். இதே அறையில். இதை நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர்தான்.

போன வாரம் உன் அம்மா அழைத்தார். "ஏம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. அந்த எறாவுக்காவ கொசு மருந்து போடாமக் கெடந்தியளாமே, நெசமா?" பஸ் வந்துவிட்டது அம்மா, அப்புறம் பேசுகிறேன் என்றேன். பஸ் வரவில்லை.

உன் கட்டிலுக்கு இப்போது புதுப்பெண் வந்திருக்கிறாள். விழுப்புரம் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்தவள். உன் கதையை அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். இன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை தடிப்பு.

"க்கா, நான் குத்தம் சொல்லல. ஆனா இன்னிக்கு வந்து மெஷினப் போடுவேன். எனக்கும் ஊர்ல அம்மா இருக்காங்க க்கா."

சரி என்றேன். அவள் கேட்டது தூங்குவதற்கான இடம்.

அவள் போன பிறகு தொட்டியைப் பார்த்தேன். பெரியவள், நீ "மேடம்" என்று கூப்பிடுவாயே, அவளுக்குச் சினை. நீ போனபின் இதுதான் முதல். பாசிக்கு அடியில் அசையாமல் நின்று, வயிற்றுக் கால்களால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள். கண்கள். பொரிய அதிக நாள் இல்லை. இந்த நேரத்தில் தண்ணீர் மாற்றினால் பயத்தில் முட்டைகளை உதறிவிடக் கூடும். தெரியும். ஆனால் மெஷின் ஓடும் அறையில் வைக்க முடியாது. மாடியில் வைத்தால் வெயிலில் வெந்துவிடும். அக்கா வீட்டில் கொசுவத்தி. ஏரி வேண்டாம். மிச்சம் இருப்பது அந்தக் கடை. அங்கே தலை புடைத்த மீன் ஒன்று இருக்கிறது. விற்காத இறாலை அதற்குப் போடுவார். நாம் பார்த்திருக்கிறோம்.

என்னிடம் நீ விட்டுப்போனது ஒரு பழக்கம். தொடாமல் பார்ப்பது. லைனில்கூட வந்துவிட்டது. முகமூடிக்கு மேல் தெரியும் கண்களை வைத்தே இப்போது ஆட்களைப் பிரித்துவிடுகிறேன். யார் தூங்கவில்லை, யாருக்குக் காய்ச்சல் தொடங்குகிறது. நேற்று ஒருத்தியை முதலுதவி அறைக்கு அனுப்பினேன். உன்னையும் அப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. உன் கண்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவை எப்போதும் தொட்டிப் பக்கம் இருந்தன.

உன் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். ஆமாம், மருந்து போடவில்லை, நீ பிடுங்கினாய், நாங்கள் எல்லோரும் சரி என்றோம் என்று. பகல் கொசு பற்றியும் சொல்வேன். எதனால் என்று கேட்டால், தெரியாது என்பேன். அவர் என்னோடு பேசாமல் போகலாம். சாக்குக்கு இனி ஒரு பஸ்ஸைச் சொல்ல முடியாது.

புகை அடங்கிவிட்டது. கீழே கேட் திறக்கும் சத்தம்.

தண்ணீர் கேனின் வாயை அகலமாக அறுத்து, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பாசியோடு சேர்த்து மேடத்தை அள்ளினேன். பிறகு மற்றவற்றை. ஸ்பாஞ்சைப் பிழியாமல் அப்படியே போட்டேன். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் கேனுக்குள் பார்த்தார். "சினையா கீதேமா. இப்பப்போயி ஏன் எடுத்தாந்த? அந்த வாயாடிப் பொண்ணு எங்க?"

சொன்னேன். அவர் கேனை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு ஓரத்தில் இருந்த காலித் தொட்டியைக் காட்டினார். "தனியா வெக்கிறேன்மா. அந்த மீனுக்குப் போட மாட்டேன்." நம்பினேனா என்று தெரியவில்லை. கேனிலிருந்து இறக்கும்போது குனிந்து பார்த்தேன். முட்டைகள் சிந்தவில்லை.

அறைக்கு வந்து, புதுப்பெண் திரும்புவதற்குள் கொசு மருந்து மெஷினைச் செருகி சுவிட்சைப் போட்டேன். பிறகு உன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.