அப்பா இடித்த பாலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை. வரைபலகை மாடியில்தானே இருக்கிறது!

ஆமாம், மறுபடி வரைகிறார். ஆற்றுப் பாலத்தைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி நகராட்சியிலிருந்து வந்தார்கள். "கட்டினதும் நான், இடிச்சதும் நான். வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் பார்த்தால் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார்.

அங்கே குளிர் அதிகமாமே. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

போர் வந்தபோது அப்பா தளபதியாகப் போனதே எனக்குப் பிடிக்கவில்லை. கட்டடம் வரைகிற மனுஷனுக்குப் படையில் என்ன வேலை என்று சண்டை போட்டேன். ஊரைக் காக்க வேறு ஆளில்லை என்றார். எதிரிகள் அக்கரைக்கு வந்தபோது பாலத்தைத் தகர்க்கச் சொன்னதும், எந்தத் தூணில் வெடி வைத்தால் மொத்தமும் சரியும் என்று காட்டியதும் அவர்தான். அக்கரை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த உன் புருஷன் மாட்டிக்கொண்டார். உள்ளே புகுந்தவர்கள் யாரையும் விட்டுவைக்கவில்லை. "சொந்த மருமகன் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா?" என்று நீ கேட்டாய். அப்பா வாயே திறக்கவில்லை. அன்றோடு உங்கள் பேச்சு நின்றது.

போன வாரம், படையில் அவரிடம் வயர்லெஸ் வேலை பார்த்தவர் வந்திருந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் வந்தவர் சொன்னதைக் கேட்டு டீயைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா பொறுத்துத்தான் இருந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் கத்தியும் வெடிக்க விடவில்லை. மாப்பிள்ளைதான் வயர்லெஸ்ஸில், "மாமா, படுக்கையில இருக்கறவங்கள விட்டுட்டு நான் வரமாட்டேன். எனக்காக நிக்காதீங்க, இடிச்சிடுங்க" என்றாராம்.

அப்பா வந்ததும், இதை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புருஷன் என்னை விட்டுட்டு நோயாளிங்களோட இருந்துட்டாரேன்னு அவ நினைச்சிடக் கூடாது. கோபம் என்மேலேயே இருக்கட்டும்" என்றார்.

உனக்கு எழுதக் கூடாது என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அது உன் மனசு. ஒரு தடவை போன் பண்ணு. பாலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேள், போதும். போன் மணி அடித்தால் இப்போதும் முதலில் எழுந்து போகிறவர் அவர்தான்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் நினைக்கும்,
உன் அம்மா