நாலு தறி, ஒரு ஜோடி கட்டைச்செருப்பு

1896 ஏப்ரல் 14, செவ்வாய்

காலையில் இடது செருப்பின் அடி இரும்பு லாடம் தெறித்துப் போனது. கட்டைச்செருப்பு செய்யும் ஜெத்ரோ புது லாடம் அடிக்கும் வரை வெறும் காலுறையோடு அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் எங்கள் தறி மேஸ்திரி ஈனாக்கைப் புகழ்ந்து தள்ளினார்கள். போன வருடக் கட்டைச்செருப்பு ஆட்டப் போட்டியில் அவன் தட்டிப் பரிசு பெல்ட் வாங்கினானே, அந்தக் கால்தட்டுத் தாளத்தைப் பற்றி.

அது என் தட்டு! கல் தரையில் கால் விறைக்காமல் இருக்க, என் நான்கு தறிகளின் ஓட்டத்துக்கு ஒன்பது வருடமாக நான் தட்டுவது. தறியைப் பழுது பார்க்கிறேன் என்று பின்னால் நின்றே எடுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 15

ஈனாக்கிடம் கேட்டே விட்டேன். மில் வாசலில், எல்லோர் முன்னாலும். சிரித்தான்.

"ஏம்மா ஹெப்சி, குளிருக்குக் கால உதறுறதெல்லாம் ஆட்டமா? நான் ஆடினதப் பாத்து நீ கத்துக்கிட்டிருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துத் தறி லெட்டிகூட. பாவி!

ஏப்ரல் 26

லெட்டி சமாதானத்துக்கு வந்தாள். உருளைக்கிழங்குப் பணியாரம் ஒன்றோடு.

"அடியே, வாயால சொன்னா யாரு நம்புவா? மேடையில ஏறு."

பெண்கள் யாரும் ஏறியதில்லையே என்றேன்.

"நடுவருங்க எங்க உக்காருறாங்க? மேடைக்கு அடியில! சத்தத்த மட்டும் கேட்டு மார்க் போடுறவங்களுக்கு ஆம்பளக் காலு, பொம்பளக் காலு தெரியுமா?"

என்னைக் கேட்காமலே, ஆணா பெண்ணா தெரியாதபடி 'எச். கிராப்ட்ரீ' என்று என் பெயரைப் போட்டிக்குக் கொடுத்துவிட்டாளாம்.

மே 17

லாடம் இல்லாத மெல்லிய ஆட்டச்செருப்பு இரவல் வாங்கிப் பார்த்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேலைச் செருப்பிலேயே ஆடுவேன்.

மே 29

பயமாக இருக்கிறது. பெயரை எடுத்துவிடலாமா? சீ, என்ன பேச்சு இது!

மே 30, சனி

எங்கள் ஊர் டார்வென் திருவிழா மைதானம். ஈனாக்குக்கு நான்காம் எண், எனக்கு ஏழு. நான் பாவாடையோடு ஏறியதும் பெண் ஆடக்கூடாது என்று அவன் கத்தினான்; கூட்ட இரைச்சலில் மேடைக்கு அடியில் அது கேட்டிருக்காது. விழாக்காரர் விதித்தாளைப் புரட்டினார். ஆண்கள் மட்டும் என்று எங்கும் இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவன் என் தட்டை ஆடியிருந்தான். நானும் அதையே ஆடினேன்.

அடியிலிருந்து ஒரு குரல்: "நாலும் ஏழும் ஒண்ணாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் திரும்ப ஆடுங்க. இது வேணாம், புதுசா!"

ஈனாக் முதலில்; அதே தட்டைத்தான் கொஞ்சம் மாற்றிப் போட்டான். "அது போன வருசமே கேட்டதுப்பா!" என்றது அடியிலிருந்த குரல்.

நான் கண்ணை மூடினேன். திங்கள் காலையை ஆடினேன். முதல் தறி ஓடத் தொடங்கும், பிறகு இரண்டு, மூன்று, கடைசியில் நான்கும் சேர்ந்து பறக்கும். கூட்டத்திலிருந்த நெசவுக்காரிகளுக்குப் புரிந்துவிட்டது. அவர்களும் செருப்பால் தட்டத் தொடங்கினார்கள்.

தலையெல்லாம் மரத்தூளோடு நடுவர் ஊர்ந்து வெளியே வந்தார். "ஏழாம் நம்பர் தம்பி எங்க?"

"தம்பி இல்லீங்க, நான்தான்."

தொப்பியைக் கழற்றினார் மனுஷன். ஜெயித்தேன்! பெல்ட் இடுப்பில்! ஈனாக் மட்டும் போகிற போக்கில், "புதுசு வேணா உன்னோடதா இருக்கட்டும், பழசு என்னோடதுதான்" என்றான்.

ஜூன் 1, திங்கள்

தறிக்கூட இரைச்சலில் காதுக்கு வேலை கிடையாது. உதட்டைப் படித்துத்தான் பேசிக்கொள்கிறோம். காலையில் ஈனாக் வந்தான். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று உதட்டை அசைத்தான்: "பழசும் உன்னோடதுதான். உன்கிட்ட பாத்துத்தான் எடுத்தேன். மனசுல வச்சுக்காத."

மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது எல்லோர் முன்னாலும் அல்லவா?

"புரியல மேஸ்திரி, அந்த வெளிச்சத்துப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க" என்றேன்.

வெளிச்சம் இருந்தது எல்லோரும் நிற்கும் பக்கம்; எதற்கென்று அவனுக்குத் தெரியும். முகம் சிவந்தது. பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பி, அதையே ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னான்.

இருநூறு பெண்கள் அவன் உதட்டைப் படித்தார்கள். லெட்டிதான் முதலில் காலைத் தரையில் அடித்தாள். அப்புறம் எல்லோரும். அவ்வளவு தறிச் சத்தத்திலும் எனக்கு அது கேட்டது.