தலையில் கட்டிய வடம்

என் அருமை மாப்பிள்ளை கருப்பையாவுக்கு,

போய்ச் சேர்ந்தவனுக்குத் தபால் போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்? உள்ளங்கை இன்னும் எரிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இந்த வருஷம் ஆடிக் காற்று பேயாட்டம் ஆடுகிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் நிற்கும் பெரிய வாகையின் தடித்த கொம்பு ஒன்று பிளந்து, பாதி ஒட்டியும் ஒட்டாமலும் ரோட்டுக்கு மேலே தொங்கியது. விடிந்தால் நாச்சியார் தேர். வண்டி வண்டியாக ஜனம் அதற்கு அடியில்தான் போகவேண்டும். ரோட்டுக் காண்டிராக்டர் ஆளனுப்பி என்னையும் உன் தம்பி முத்தையாவையும் கூப்பிட்டார்.

நீ போனபின் மரமேறுவது அவன்தான். தென்னையும் வேம்பும் ஏறிப் பழகியவனுக்கு இவ்வளவு பெரிய மரம் இதுவே முதல். நான் எப்போதும்போலக் கீழே நின்று கயிறு பிடிக்கிறவன்.

அவன் மடியிலிருந்து எதை எடுத்தான் தெரியுமா? பழைய தேர் வடத்தின் புரி ஒன்று. கழித்துப் போட்ட வடத்தில் ஆளுக்கொரு புரி கொண்டுவந்து சாமி மாடத்தில் வைப்பதும், மரமேறுகிறவர்கள் அதை இடுப்பில் கட்டுவதும் நம் பக்கத்து வழக்கம்தானே. சாமியை இழுத்த கயிறு ஆளைக் கைவிடாது என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் நீயும் கூமாப்பட்டிப் புளியமரத்தில் ஏறினாய். ஆலங்குளத்துக்குப் பாரம் ஏற்றப் போயிருந்த நான் திரும்பி வந்து உன்னைப் பாடையில் பார்த்தேன். உன் இடுப்பு வடத்தின் அறுந்த முனையைத் தொட்டால் மேலே மஞ்சள், உள்ளே உளுத்த தூசி.

வேறு கயிறாக இருந்தால் புரியைப் பிரித்துப் பார்ப்போம். தாழ்ந்த கொம்பில் போட்டு இரண்டு பேர் தொங்கிப் பார்ப்போம். சாமி கயிற்றை யார் பிரிப்பது?

“தம்பி, புதுசாத் திரிச்ச தேங்கா நார்க் கயிறு கொண்டாந்திருக்கேன். அதக் கட்டு” என்றேன்.

“சாமி வடம் இருக்கையில அது எதுக்கு மச்சான்?”

“அப்ப இதச் செத்த நேரம் கீழ தொங்கிப் பாத்துருவோம்.”

அவன் முகம் கறுத்துவிட்டது. “நாச்சியாரையே சோதிச்சுப் பாக்கச் சொல்லுதீகளா?”

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒருவன், “ராவுத்தருக்கு நம்ம வடத்தப் பத்தி என்ன தெரியும்?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் பேச்சு கயிற்றைப் பற்றியதாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். முத்தையா புரியை இடுப்பில் சுற்ற ஆரம்பித்தான். உன் தம்பி என் கண்ணெதிரே சாகப்போகிறான், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யா அல்லா, என்ன செய்வேன்?

அப்போதுதான் உன் மாரியம்மா கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். கலயத்தை இறக்கி வைத்தவள் நேரே அவனிடம் போனாள்.

“ஏலே முத்தையா, சாமி வடத்த எங்க கட்டுத?”

“இடுப்புல மதினி.”

“நாச்சியார இழுத்த கயித்தக் கோமணத்து மேலயா கட்டுத? தொடைக்குள்ள விட்டு வாங்குவியோ? பாவம் சும்மா விடுமா? சாமி பொருள் தலைக்குத்தான் ஏறணும். தலையில கட்டுல!”

கூட்டம் “அது நெசந்தானே” என்றது. என்னைக் குத்திப் பேசியவனும் தலையாட்டினான். முத்தையா மறுபேச்சில்லாமல் புரியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டான். யாருக்கும் மனசு மாறுவதற்குள் நான் நார்க் கயிற்றைப் பிரித்துப் பார்த்து, தொங்கிப் பார்த்து, அவன் இடுப்பில் முடிச்சுப் போட்டேன்.

மேலே பச்சையாக நின்ற நல்ல கவையில் கயிற்றைப் போட்டான். மறுமுனையைப் பக்கத்துப் பூவரசு அடிமரத்தில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். பட்டை உரியாமலிருக்க முதலில் கொம்பின் அடிப்பக்கம் வெட்டினான். பிறகு மேல்பக்கம் அரிவாளை ஓங்கினான். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. கொம்பு அவன் வெட்டுக்குக் காத்திருக்காமல் முறிந்து, முறிந்த அடி துள்ளி வந்து அவன் காலைத் தட்டிவிட்டது.

விழுந்தான். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. பிறகு பூவரசில் இறுகி நின்றது. ரோட்டுக்கு மேலே அவன் அரிவாள் இல்லாத கையோடு சுற்றிக்கொண்டு தொங்கினான். உயிர் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

“மச்சான்... விட்டுறாதீக” என்று குரல் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெல்ல மெல்லக் கீழே இறக்கினோம். தலையில் வடம் இருந்ததால்தான் பிழைத்தான் என்று கூட்டம் கும்பிட்டது. நான் அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். யார் காப்பாற்றினால் என்ன, பிள்ளை முழுசாக நிற்கிறான்.

எல்லோரும் கலைந்தபின் மாரியம்மா என் உள்ளங்கையில் மஞ்சளும் எண்ணெயும் தடவினாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“அண்ணே, அன்னைக்கு அவிய இடுப்புல அந்த வடத்த நாந்தான் கட்டிவிட்டேன். இன்னைக்குச் சொன்னத அன்னைக்கே சொல்லிருந்தா, கேட்டிருப்பாகளா?”

மாப்பிள்ளை, அவள் பேச்சை நீ என்றைக்குத் தட்டினாய்? பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாதவன் என்று ஊரே உன்னைக் கேலி செய்யவில்லையா?

“அவனா? அவன் பிடிச்ச முயலுக்கு மூணே காலு. உன்னையும் ஏசிப்போட்டு ஏறியிருப்பான் தங்கச்சி” என்றேன்.

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தாள்.

பழியை உன்மேல் போட்டுவிட்டேன், பொறுத்துக்கொள். உனக்கு அது பாரமில்லை, அவள் இன்னும் எத்தனை காலம் இருக்கவேண்டும். நான் கண் மூடுகிறவரை இந்தப் பொய்யை மாற்றிச் சொல்லமாட்டேன், இது சத்தியம். அவள் கனவில் வந்தால் நீயும் இதையே சொல்.

தங்கச்சியைக் கட்டிக் கொடுக்காமலே உனக்கு மச்சானான,
இபுராகிம்