சாக்கடைக்குப் போன வரிசை

ராத்தா,

இன்று காலை எதிர்ப்புறத்துப் பேக்கரியில் முதல் அடுப்புப் பாண் இறங்கிய வாசனை என் மேசைவரை வந்தது. வாசலில் வரிசை இல்லை. ஒருவர் இரண்டு இறாத்தல் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவதானமாகப் போனார். தெருவே அக்காவாக எண்ணி 'ராத்தா' என்றழைத்த நீங்கள் மறைந்து நாற்பது நாட்கள் கடந்துவிட்டன. ஆயினும் அதை உங்களிடம் சொல்ல வேண்டுமென்றே மனம் முதலில் எண்ணியது.

மாத்தளைக்கு நான் குடிவந்த முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இரவல் புத்தகங்களைக் கொண்டு நானாகவே எழுத்துக் கற்றவள். மூடநம்பிக்கையைச் சாடும் கட்டுரைகள் எனக்கு மனப்பாடம். ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால், கூட்டுறவுச் சங்கக்கடை வாசலிலிருந்து தெருவோரமாக ஒரு விசித்திர அணிவகுப்பு: காதுடைந்த நீலக் கோப்பை, அரைச் செங்கல், சிவப்புத் துணி சுற்றிய கல், கரிக்கோடு போட்ட சிரட்டை, இன்னும் பல. ஆள் அரவமில்லை. செய்வினையென்றே தீர்மானித்தேன். அஞ்சவில்லை, அறிவின் பெயரால் விளக்குமாற்றை எடுத்து, முதலில் இருந்த கோப்பை தொடங்கி, அனைத்தையும் சாக்கடைக்குள் தள்ளினேன்.

அரைமணி நேரத்தில் தெரு நிறைந்தது.

"என் செங்கல்லு எங்கங்க? நான்தான் ரெண்டாவது!"

"நீ நேத்தும் ரெண்டாவதுதான். பொறக்கும்போதே ரெண்டாவதா?"

பாண் தட்டுப்பாட்டுக் காலம் அது. சங்கக்கடைப் பாணுக்காகக் கால்கடுக்க நிற்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு பொருளை வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்புவது அத்தெருவின் ஏற்பாடு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இந்தப் படிச்ச அம்மாதாங்க கூட்டித் தள்ளிட்டாங்க!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"சத்தம் போடாதீங்க. வரிசைய நான் கண்ணால பாத்தீக்கிறேன். அரச் செங்கல் தையக்காரர், செவப்புத் துணி மேரியக்கா, சிரட்ட நம்ம முத்தையா..."

"ஒங்க எடம் எங்க ராத்தா?" என்று ஒருவர் குத்தலாகக் கேட்டார்.

"என்னக் கடைசியில போடுங்க."

நீங்கள் சொன்ன வரிசையிலேயே எல்லோரும் நின்றார்கள். உங்களுக்கு முன் நால்வர் நிற்கையிலேயே பாண் தீர்ந்தது. காய்ச்சலில் கிடந்த உங்கள் மகள் பாணைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடிப்பதை முந்தின மாலைதான் என்னிடம் சொல்லியிருந்தீர்கள்.

அன்று பிற்பகல் சாக்கடையிலிருந்து நீலக் கோப்பையைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது ஒங்களோடதா? அப்ப நீங்கதானே மொதலாவது! ஏன் சொல்லல?"

"நானே சொன்னா யாரு நம்புற? பொறகு ஒங்களத்தான் பிச்சித் திண்டீப்பாங்க."

"புள்ளைக்கு?"

"கஞ்சி குடிச்சா. மூஞ்ச மூணு முழம் நீட்டிக்கிட்டுத்தான்."

திருத்தமான வசனங்கள் எத்தனையோ அறிந்த எனக்கு, மன்னிப்புக் கேட்க ஒன்றும் வாய்க்கவில்லை. நீங்களும் அதை எதிர்பார்க்கவில்லை. "நாளைக்கி விடியக்காலம் ஒங்களுக்கும் ஒரு கல்லு கொண்டாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அத்தகைய பெருந்தன்மையை நான் படித்த எந்தப் பக்கத்திலும் கண்டதில்லை. பிழை என்னுடையது, ராத்தா. இத்தனை காலம் தாழ்த்தியதும் என் பிழையே.

போன வாரம் நாவுல வீதியில், ஒரு வளைவுக்கு முன்னால், நடுத்தெருவில் பச்சைக் கிளைகள் கிடந்தன. அருகில் நின்றவரிடம், "இது என்னங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் லொறி பழுதாகி நிக்குதும்மா. வாற வாகனத்துக்கு அடையாளம். இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தார்.

தெரியாது என்றேன். எனக்குச் சிறிதும் வெட்கமாக இல்லை.