வேன் பாட்டுக்கு ரெண்டாவது குரல்

செவ்வாய்
காலையிலேயே வெயில். ஸ்டுடியோவில் ஃபேன் கூடாதாம், சத்தம் பதிவாகிவிடும். சட்டை நனைந்து ஒட்டியது.

கோயில் நோம்பி, திருவிழா மேடைகளில் இத்தனை வருஷம் பாடிய காமெடிப் பாட்டுகள். இப்போதுதான் முதல் ஆல்பம். எதிரே வெறும் சுவர், சிரிக்க ஆளில்லை. பழக்க தோஷம், ஜோக் முடிந்ததும் சிரிப்புக்காக நிறுத்துகிறேன். சவுண்ட் இன்ஜினியர் ஜெபா, திருநெல்வேலிக்காரர்: "ஏம்ணே நிறுத்துதிய?"

வாங்க வேண்டியது: பனங்கற்கண்டு, மோட்டார் சுவிட்ச்.

புதன்
தலைவலி. பனியன் கம்பெனி வேன் பாட்டு மட்டும் பாக்கி. இருவர் பாட்டு. நான் டிரைவர். என் மனைவி சரசுவின் அண்ணன் துரைசாமி மச்சான்தான், பெண் குரலில், தினமும் வேனைத் தவறவிடும் டெய்லரக்கா. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு வெறும் காத்துதான் வருகிறது. பேசக் கூடாதென்று டாக்டர்.

ஜெபா யோசனை: பழைய மேடை வீடியோவை வைத்து கம்ப்யூட்டரே அவர் குரலில் பாடிவிடும். "அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருங்கண்ணே."

சாமளாபுரத்தில் மச்சான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பக்கத்துத் தறிச் சத்தத்தில் ரெண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. "செய்ங்க மாப்ள" என்றார். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சரசு: "அண்ணன் என்ன சொன்னாருங்க?"
"சரின்னாரு."
"மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"
கை கழுவப் போய்விட்டேன்.

வெள்ளி
மச்சான் ஸ்டுடியோவுக்கு வந்தார், கழுத்தில் துண்டு. ஜெபா போட்டுக் காட்டினார். அதே பழைய குரல். எனக்குப் புல்லரித்தது. மச்சான் தலை குனிந்தே கேட்டார். இன்னொரு தரம் போடச் சொல்லிச் சைகை.

அப்புறம் மெதுவாக: "இவ நேரத்துக்கு வந்துட்டாளே மாப்ள. வண்டி போனப்புறமில்ல வரோணும்?"

நிஜம். மேடையில் வேன் கிளம்பி, மியூசிக்கும் நின்ற பிறகுதான் ஓடி வருவார். சனம் உருண்டு சிரிப்பது அங்கேதான்.

"தள்ளி வச்சிருவோம்ணே." ஜெபா தள்ளி வைத்துப் பார்த்தார். ஏதோ மிஷின் கோளாறு மாதிரி இருந்தது. சிரிப்பே வரவில்லை.

மச்சான் எழுந்தார். மைக் ரூமுக்குள் போனார். "வேண்டாங்க மச்சான், டாக்டர்..." கதவைச் சாத்திவிட்டார்.

டிரைவர் வரிகளை நான் வெளியே இன்னொரு மைக்கில் பாட, பாட்டு ஓடியது. வேன் போனது. மியூசிக் நின்றது. நிசப்தம். வரமாட்டாரென்று ஜெபா கையைப் பட்டனுக்குக் கொண்டுபோனார். அப்போது, மூச்சு முழுக்கத் தீர்ந்துபோன ஒருத்தி: "நில்லுங்க... டிரைவரண்ணா..."

ஜெபா மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும். என் மைக்கில் சிரிப்பு ஏறிவிட்டது. மறுபடி எடுக்கலாமென்றால் மச்சானுக்கு அந்தக் காத்தும் வரவில்லை. சிரிப்போடு அதையே வைத்தோம்.

ஞாயிறு
வானம் மோடம் போட்டிருக்கிறது. மச்சானுக்குத் தொண்டை வீக்கம். கஞ்சி மட்டும்.
சரசு: "ஆறிட்டிருந்ததைக் கெளறி உட்டுட்டீங்க."
படுத்தே கிடந்தேன். இந்த ஆல்பம் எதற்கென்றே தெரியவில்லை.

வியாழன் (ஆல்பம் வந்து ஒரு வாரம்)
காங்கயத்தில் கல்யாணம். வெள்ளகோவில் வரை போகும் பஸ், நல்ல கூட்டம். மச்சானுக்கு ஜன்னல் சீட். வீக்கம் வடிந்திருக்கிறது, குரல் அப்படியேதான்.

முன் சீட்டு அம்மா போனில் எங்கள் வேன் பாட்டு. அந்த இடம் வந்ததும் ஒரே சிரிப்பு, கண்ணில் தண்ணி. பக்கத்திலிருந்தவரிடம்: "யாருங்க இவ, சளி புடிச்சவளாட்ட? பாவம், நெசமாலுமே ஓடியாந்திருப்பா போல." மறுபடி போட்டார். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

மச்சான் அந்தம்மா தோளைத் தொடப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். "பேசாதீங்க மச்சான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

காங்கயம் வந்தது. கண்டக்டர் ரெண்டு தரம் கத்தினார். அந்தம்மா மூன்றாம் தடவை போட்டிருந்தார். நாங்கள் எழவில்லை.